நாற்பது வளைவுக்குக் கீழே

நவம்பர் 19, பொள்ளாச்சி

இருபது வருடத்துக்கு மேல் தினமும் டிரிப் ஷீட் எழுதிய கை இது. சும்மா இருந்தால் அரிக்கிறது. அக்காவின் மாவுக் கடைக்கு யாரோ கொடுத்த ஓசி டைரி ஒன்று பிரிக்காமல் கிடந்தது, வாங்கிக்கொண்டேன். "வருசமே முடியப் போகுது, இப்ப எதுக்குடா உனக்கு டைரி" என்றாள்.

இதை எழுதும் நிலையை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, தலையை ஓரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, தரையில் டைரியை விரித்து இடது கண்ணால் பார்த்து எழுதுகிறேன். வலது கண்ணில் கட்டு.

விஷயம் இதுதான். வலது கண்ணுக்குள் விழித்திரை என்று ஒரு சவ்வு. அது ஈரச் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி உரிந்துகொண்டு வந்துவிட்டது. வண்டி ஓட்டும்போது ஓரத்தில் மின்னல் அடித்தது, கொசு பறந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று வைப்பரைப் போட்டேன். நான்காம் நாள் ஒரு மூலையிலிருந்து கறுப்புத் திரை இறங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. கோயம்புத்தூரில் சவ்வைத் திரும்ப ஒட்டி, ஒட்டினது பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டிருக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைத்திருக்கிறார்கள். வாயு எப்போதும் மேல்பக்கம்தான் போகும். ஒட்டின இடம் கண்ணின் பின்பக்கம். அதனால் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கக்கூசிலும். கல்யாணத்தன்று என் பெண்டாட்டி தவமணிகூட இவ்வளவு தலை குனிந்திருக்கவில்லை.

டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டரம்மா, "ஊரு எதுங்க?" என்று கேட்டார்.

"வால்பாறைங்க. அந்த ரூட்டுலதான் பஸ் ஓட்டறேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இப்பவே சொல்லிர்றேன். இந்த வாயு முழுசாக் கரையற வரைக்கும் நீங்க மலை ஏறக் கூடாது. ஆறு வாரமும் ஆகலாம், ஏழு வாரமும் ஆகலாம்."

"நான் ஓட்ட மாட்டேனுங்க. சும்மா உக்காந்துட்டுதான் போவேன்."

"படுத்துட்டுப் போனாலும் அதேதாங்க. மேல போகப் போக வெளிக்காத்தோட அழுத்தம் கொறையும். அது கொறைஞ்சா உள்ள அடைச்சு வெச்ச வாயு விரியும். கண்ணுக்குள்ள விரியறதுக்கு எடம் ஏது? அழுத்தம் ஏறி நரம்பு செத்துப் போகும். அதுக்கப்புறம் எந்த ஆபரேசனும் கெடையாது."

எனக்கு இது புரியாத விஷயமில்லை. பொள்ளாச்சியில் துவண்டு கிடக்கும் சிப்ஸ் பாக்கெட் வால்பாறைக் கடையில் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு தொங்கும். மேலே மூடிய காலித் தண்ணீர் பாட்டில் ஆழியாறு வருவதற்குள் ஒடுங்கிப்போய்க் கிடக்கும். தினமும் பார்த்ததுதான். கையில் ஒரு பச்சைப் பட்டை மாட்டிவிட்டார்கள். கண்ணில் வாயு இருக்கிறது, விமானத்தில் ஏறாதே, மலையில் ஏறாதே என்று அதில் எழுதியிருக்கிறது. விமானத்தைப் பற்றிக் கவலையில்லை.

வலது கண் போனால் மலைப்பாதை போச்சு. டிப்போவில் டயர்களுக்கு நம்பர் எழுத உட்கார வைப்பார்கள். அதைப் பற்றி இன்று எழுத வேண்டாம்.

நவம்பர் 20

குப்புற.

நவம்பர் 21

குப்புற. அக்கா வீட்டுத் தரையில் கட்டிலுக்குக் கீழே ஒரு டைல்ஸ் விரிசல் விட்டிருக்கிறது. விரிசல் பார்ப்பதற்கு நம் மலைப்பாதை மாதிரியே வளைந்து வளைந்து போகிறது. ஒன்பதாம் வளைவு வரை அடையாளம் வைத்துவிட்டேன்.

நவம்பர் 23

அக்காவைப் பற்றி எழுதியாக வேண்டும். பெயர் அன்னக்கொடி. மாமா போன பிறகு வாசலிலேயே இட்லி மாவுக் கடை போட்டு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். நான் கொஞ்சம் புரண்டால் போதும், மாவு வழிக்கிற கரண்டியோடு வந்து நிற்பாள்.

"கவுந்து படுடா ரங்கா. பொறந்தப்ப கவுறதுக்கு நீ எட்டு மாசம் எடுத்துக்கிட்ட. அம்மா கோயில் கோயிலா வேண்டுச்சு. அந்த வேண்டுதல் இப்பத்தான் பலிச்சிருக்குது."

சாயங்காலம் தவமணி போன் செய்தாள்.

"சாப்டீங்களா?"

"குனிஞ்சே சாப்டேன்."

"கவுந்துதான படுத்திருக்கீங்க?"

"ஆமா" என்றேன். அப்போது மல்லாந்து கிடந்தேன், ஒரு நிமிடம்தான். போனை வைத்ததும் கவிழ்ந்துகொண்டேன். அக்காவுக்குக் கரண்டி வேண்டும், அவளுக்குக் குரலே போதும்.

நவம்பர் 26

தவமணி ஏன் கூட வரவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஊர் வாயை மூட முடியாது, எழுதி வைக்கவாவது செய்யலாம்.

தவமணிக்குப் பஸ் ஆகாது. மலைப்பாதை டிரைவருக்கு வாய்த்த பெண்டாட்டி மூன்றாவது வளைவு தாண்டினால் வாந்தி எடுப்பாள். அக்காவின் பெரிய மகள் கல்யாணத்துக்குக் கீழே கூட்டி வந்தேன். நேராக மண்டபத்துக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு போனோம். "செத்தாலும் இனி இந்த ரோட்டுல எறங்க மாட்டேன்" என்றாள். ஒன்பது வருடமாக இறங்கவில்லை. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள், நாங்கள் இருக்கும் லைன் வீடு எஸ்டேட் அவள் பெயரில் கொடுத்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருவருக்கு ஒருவர் என்று பழகிவிட்டோம். நான் ராத்திரி வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வரும்வரை அடுப்பை அணைக்க மாட்டாள்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. டீதான் சரியில்லை.

நவம்பர் 28

என் பச்சை ஸ்வெட்டரை நாசர் கையில் கொடுத்துவிடும்படி தவமணியிடம் சொன்னேன். நாசர் என் வண்டிக் கண்டக்டர், ஒன்றாக ஓட ஆரம்பித்துப் பல வருடமாகிறது. "தேடிப் பாத்தேங்க, காணோம்" என்கிறாள். சமையல்கட்டு ஆணியில்தான் தொங்கும். எங்கள் சமையல்கட்டில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். அதில் ஒரு ஸ்வெட்டர் எப்படிக் காணாமல் போகும்?

பேசும்போது பின்னால் குழந்தை அழுதது. "ஸ்டெல்லா வீட்டுக் கொழந்த. போனுக்கு சார்ஜ் போட வந்தேன். நம்ம வீட்ல கரண்ட் இல்ல, மழ."

சரிதான். நவம்பரில் மேலே மழை பெய்யத்தான் செய்யும். ஸ்டெல்லா அடுத்த லைனில் இருக்கிறாள், அவளும் கொழுந்து பறிப்பவள்.

டிசம்பர் 1

இன்றும் குழந்தை அழுதது. ஸ்டெல்லாவின் புருஷன் இருமுவதும் கேட்டது. கரண்ட் இன்னும் வரவில்லையாம்.

டிசம்பர் 3

குப்புறத் தண்டனை முடிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சவ்வு நன்றாக ஒட்டியிருக்கிறது, நிமிர்ந்து உட்காரலாம், மல்லாந்து மட்டும் படுக்கக் கூடாது என்றார்கள்.

நிமிர்ந்து பார்த்தால் வலது கண்ணில் ஒரு வேடிக்கை தெரிகிறது. குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மங்கலாக உலகம், கீழே ஒரே கலங்கல். தலையை ஆட்டினால் கோடும் ததும்புகிறது. கொத்தனார் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தைக் கண்ணுக்குள் வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. கண்ணுக்குள் எல்லாம் தலைகீழாம். கோட்டுக்குக் கீழே தெரிவதுதான் மேலே மிதக்கும் வாயு. நாளாக ஆகக் கோடு இறங்கி இறங்கி, கடைசியில் ஒரு குமிழியாகி, அதுவும் மறையும். மறைந்தால் வீடு.

கோடு இன்று பார்வையின் நடுவுக்கு மேலேயே இருக்கிறது.

டிசம்பர் 5

இன்று ஒரு கணக்கு தோன்றியது.

அக்காவின் கடையில் மத்தியானம் மாவுக் கவர்கள் உப்பிக்கொண்டு நின்றன. எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் வயிறு ஒட்டிக் கிடக்கின்றன. டயரும் இப்படித்தான். விடியற்காலையில் டிப்போவில் காற்று பார்த்துவிட்டுக் கிளம்புவோம். வெயிலில் ஓடிவந்த சூட்டோடு மத்தியானம் பார்த்தால் மீட்டர் முள் ஏறியிருக்கும். யாரும் காற்று அடைத்திருக்க மாட்டார்கள், சூடு செய்த வேலை. புது டிரைவர்கள் பயந்துபோய்க் காற்றை இறக்கிவிட்டு, மறுநாள் குளிரில் தொய்ந்த டயரோடு நிற்பார்கள்.

ஆக, டாக்டரம்மா சொன்னது பாதிக் கணக்கு. மேலே போனால் வெளி அழுத்தம் குறைந்து வாயு விரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே குளிருமே. குளிரில் வாயு சுருங்கும். விரிகிறதும் சுருங்குகிறதும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடாதா? விடியல் வண்டியில், ஜன்னலைத் திறந்துவைத்து, கண்ணைக் குளிர்ச்சியாகவே வைத்துக்கொண்டு ஒருவன் போனால்?

போவதற்காகச் சொல்லவில்லை. சும்மா ஒரு கணக்கு.

டிசம்பர் 7

நாசர் வந்தான். பொள்ளாச்சியில் வண்டி நிற்கும் நேரத்தில் ஓடி வந்து, டிபனும் சாப்பிட்டான். அக்கா கொடுத்த மூன்றாவது தோசையில் வாய்தவறி உளறிவிட்டான்.

"அண்ணிக்கு ஸ்டெல்லா வீட்ல ஒண்ணும் கொறையில்லண்ணே. செவுரு கட்டறதுக்கு எஸ்டேட்லயிருந்து கல்லு எறக்கிட்டாங்க."

"எந்தச் செவுரு?"

நாசர் கையிலிருந்த தோசையைத் தட்டில் வைத்தான். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். எனக்கு ஆபரேஷன் ஆன வாரமே யானை வந்திருக்கிறது. எங்கள் சமையல்கட்டுச் சுவரைத் தள்ளி, அரிசியையும் உப்பையும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. தவமணி உள் அறையில் கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாளாம். விடிந்து ஆட்கள் வந்து கூப்பிட்ட பிறகும் எழ முடியவில்லையாம். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் புள்ள மேல சத்தியம் வாங்கிட்டாங்கண்ணே" என்று நாசர் தலையைக் குனிந்துகொண்டான்.

பச்சை ஸ்வெட்டர் இடிபாட்டுக்குள் இருக்கிறது. கரண்டும் இருந்தது, மழையும் பெய்யவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சாயங்காலம் அவள் போன் செய்தபோது, "வீட்ல எல்லாம் சரியா?" என்று கேட்டேன்.

"எல்லாம் சரிதாங்க. நீங்க கண்ணப் பாத்துக்குங்க."

நானும் சரி என்று வைத்துவிட்டேன்.

டிசம்பர் 8

அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தப்பாகத் தெரியவில்லை. நாளைக்கு நாசர் மேலிருந்து முதல் வண்டியில் கீழே வருவான். கீழிருந்து மேலே போகும் முதல் வண்டியில் அவன் இருக்க மாட்டான்.

அக்காவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 10, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். மறுபடி குப்புற.

விடியலில் அக்கா மாவு ஆட்டும் சத்தத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். சட்டைக்கு மேலே ஒன்றும் போடவில்லை, குளிர வேண்டும் என்றுதான். வலது கண்ணின் மேல் ஈரத்துண்டைக் கன்னத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். பட்டையைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் தவமணிக்கு நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட் வாங்கினேன். அவளுக்கு அது பிடிக்கும். வெறுங்கையோடு போனால் யானையும் கோபித்துக்கொள்ளும்.

வண்டி ஓட்டியது குப்புராஜ், பொள்ளாச்சி டிப்போ ஆள், என் கண் விஷயம் தெரியாதவன். "என்னண்ணே, பல்லு வலியா?" என்றான், துண்டைப் பார்த்து. ஆமாம் என்றேன்.

ஆழியாறு செக்போஸ்ட் வரை ஒன்றுமில்லை. ஏற ஆரம்பித்ததும் ஜன்னலை முழுக்கத் திறந்தேன். பின்னால் ஒரு அம்மா திட்டினாள். நல்ல குளிர்காற்று. விரல்கள் மரத்தன. என் கணக்கு நன்றாகத்தான் போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். மூன்று, நான்கு, ஐந்து. அன்று தவமணி வாந்தி எடுக்க இறங்கிய இடமெல்லாம் தாண்டி ஏறிக்கொண்டிருந்தேன்.

மடியில் இருந்த சிப்ஸ் பாக்கெட் நகர்ந்து விழப் பார்த்தது. பிடித்தேன். வாங்கும்போது துவண்டு இருந்தது, இப்போது விறைத்திருந்தது. தொட்டால் சில்லென்று இருக்கிறது, ஆனால் உப்புகிறது. அழுத்திப் பார்த்தேன். ஏழாம் வளைவில் விரல் உள்ளே போகவில்லை. இத்தனை குளிரில் அது சுருங்கியிருக்க வேண்டும். என் கணக்குப்படி துவண்டு கிடக்க வேண்டும்.

அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வலி தொடங்கியது. உள்ளேயிருந்து யாரோ கட்டை விரலை வைத்து வெளியே தள்ளுகிற வலி. நெற்றிவரை ஏறியது. துண்டை அவிழ்த்து, இடது கண்ணை மூடிப் பார்த்தேன். கோடு இல்லை. கோட்டுக்கு மேலே தெரிந்த வெளிச்சம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. பத்தாம் வளைவில் அதுவும் சாம்பலாகிவிட்டது.

பயந்துவிட்டேன். பிரேக் பிடிக்காத வண்டியில்கூட எனக்கு இந்தப் பயம் வந்ததில்லை. மேலே முப்பது வளைவு தாண்டினால் தவமணி. இன்னும் ஏறினால் என் கண்ணைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து, உனக்காகத்தான் இது போச்சு என்று சொல்லப் போகிறேன். ஆயுசுக்கும் அவள் அதைச் சுமக்க வேண்டும். இதை நினைத்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"குப்புராசு, நிறுத்துப்பா. எறங்கிக்கிறேன்."

"இங்கயா? கொரங்கு தவிர ஒண்ணுமில்லண்ணே."

கையை நீட்டிப் பட்டையைக் காட்டினேன். அவன் முகம் மாறிவிட்டது. கீழே வரும் வண்டியை மறித்து ஏற்றிவிடும்வரை தன் வண்டியை ஓரம் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு பயணியும் முணுமுணுக்கவில்லை. ஜன்னலுக்காகத் திட்டிய அம்மா தன் சால்வையை என் தோளில் போட்டாள்.

கீழே வந்த வண்டி நாசருடையது. அவன் என்னைத் திட்டிய வார்த்தைகளை எழுத முடியாது. அண்ணே என்ற மரியாதையை மட்டும் கடைசிவரை விடவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு வளைவுகளை உடம்பால் உணர்ந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவு இறங்கவும் அந்தக் கட்டை விரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஆழியாறு அணைத் தண்ணீர் பளபளத்தது வலது கண்ணில் மங்கலாகத் தெரிந்தபோது அழுதுவிட்டேன். மடியில் பாக்கெட் பழையபடி துவண்டு கிடந்தது.

டாக்டரம்மா சொட்டு மருந்தும் ஊசியும் போட்டு அழுத்தத்தை இறக்கினார். என் கணக்கைச் சொன்னேன். டயர், மாவுக் கவர், ஈரத்துண்டு எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"கணக்கு முழுத் தப்புன்னு சொல்ல மாட்டேங்க. அழுத்தம், எடம், சூடு மூணும் ஒண்ணுக்கொண்ணு கட்டுப்பட்டதுதான். ஆனா அந்த மலைக்குளிர் சுருக்கறது கொஞ்சூண்டு. உயரம் விரிக்கறது அதுபோல மூணு நாலு மடங்கு. அதுவும் டயருக்குத்தான். ஒங்க கண்ணு என்ன வெளிய தொங்கிட்டா இருக்கு, குளிர்றதுக்கு? மேல போனாலும் கீழ வந்தாலும் ஒடம்புச் சூடு ஒண்ணுதாங்க."

இத்தனை யோசித்தவனுக்கு இது தோன்றவில்லை. நரம்பு தப்பித்துவிட்டது, எறங்கினதுதான் காப்பாத்துச்சு என்றார். சவ்வின் ஓரத்தில் ஒரு சின்னச் சந்தேகம். அதனால் ஒரு வாரம் மறுபடி கவிழ்ந்து படுக்க வேண்டும்.

டிசம்பர் 11, பொள்ளாச்சி

அக்கா பேசவில்லை. கரண்டியையும் எடுக்கவில்லை. சாப்பாட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போகிறாள். கரண்டி எவ்வளவோ மேல்.

தவமணி இன்று போன் செய்யவில்லை. நாசர் சொல்லியிருப்பான். அவளுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள், அது எனக்குத் தெரியும். நானாகக் கூப்பிட்டேன், போனை எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டேன். எனக்கு அவள் குரல் வேண்டும். எழுதியாகிவிட்டது, இனி அடித்துத் திருத்த மாட்டேன்.

டிசம்பர் 12

மத்தியானம் கட்டிலோரத்தில் தலையைத் தொங்கவிட்டு, டைல்ஸ் விரிசலில் பத்தாம் வளைவில் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் அக்கா யாரிடமோ பேசினாள். அப்புறம் தரையில் இரண்டு கால்கள் வந்து நின்றன.

முகம் தெரிய வேண்டியதில்லை. கணுக்காலைச் சுற்றிக் கருத்த புள்ளிகள், மழைக்கால அட்டைகள் கடித்த தழும்பு. இடது பெருவிரல் நகம் தேயிலைச் செடியைக் கழிக்கும் கவாத்துக் கத்தி பட்டு இரண்டாகப் பிளந்தது. மெட்டி தேய்ந்து ஒரு பக்கம் மெலிந்தது. புடவை ஓரமெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவிய ஈரம்.

அந்தக் கால்கள் மடங்கின. அவள் தரையில் உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து படுத்து, நகர்ந்து நகர்ந்து என் முகத்துக்கு நேர் கீழே வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. உதடு காய்ந்திருந்தது. கையில் கசங்கிய எலுமிச்சம்பழம்.

"நாப்பதும் எறங்கிட்டேன்" என்றாள்.

"எத்தன தடவ எடுத்த?"

"அதக் கேக்காதீங்க. நாசரு பாவம்."

என் கண்ணீர் நேராக அவள் நெற்றியில் விழுந்தது. குப்புறப் படுத்தவன் அழுதால் மறைக்க வழியில்லை. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"செவுரு இடிஞ்சத ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

பச்சைப் பட்டை மாட்டிய கையைத் தலையணைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"டயரு, மாவு, துண்டுன்னு என்னென்னமோ கணக்குப் போட்டீங்களாமே. நீங்க மேல வரக் கூடாது. சரி. நான் கீழ வரலாமில்ல? அது ஒங்க கணக்குலயும் இல்ல, என் கணக்குலயும் இல்ல." எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டாள். "யானை வந்தன்னிக்குக்கூட நான் இவ்வளவு பயப்படல. நாசரு வந்து நீங்க பாதி மலையில எறங்குனீங்கன்னு சொன்னப்பதான் கையி காலெல்லாம் ஓஞ்சு போச்சு."

அக்கா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் போல. "ரெண்டு பேரும் தரையப் பாத்ததும் மோட்டுவளையப் பாத்ததும் போதும். சோறு வெச்சிருக்குது" என்றாள். அக்கா பேசிவிட்டாள்.

டிசம்பர் 20

நிமிர்ந்து உட்கார அனுமதி. கோடு நடுவுக்குக் கீழே இறங்கிவிட்டது. தவமணி சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு இங்கேயே இருக்கிறாள். அக்காவும் அவளும் சேர்ந்து மாவு ஆட்டுகிறார்கள், சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள். மத்தியானம் கவர்கள் உப்பினால், "ரங்கா, உன்ற கண்ணு வந்துருச்சு பாரு" என்று அக்கா கூப்பிடுகிறாள்.

அந்த சிப்ஸ் பாக்கெட்டை இன்றுதான் பிரித்துத் தின்றோம். கொஞ்சம் நமத்திருந்தது.

டிசம்பர் 31

கோடு போய்விட்டது. இப்போது பார்வையின் அடியில் உருண்டையாக ஒரு குமிழி, மிளகு அளவு. நடந்தால் அதுவும் கூடவே ஆடுகிறது. டைரியில் பக்கம் தீர்ந்துவிட்டது. அக்காவின் விலைப்பட்டியல் அட்டையின் பின்பக்கத்தில் மீதியை எழுதப் போகிறேன்.

ஜனவரி 5

காலையில் பல் தேய்க்கும்போது தேடினேன். குமிழி இல்லை. குனிந்து பார்த்தேன், தலையை ஆட்டிப் பார்த்தேன். இல்லை.

கோயம்புத்தூரில் டாக்டரம்மா விளக்கை அடித்து ஒரு மூலை விடாமல் பார்த்தார். சவ்வு பிடித்திருக்கிறது. மேலே போகலாம். பயணியாகத்தான். மூன்று மாதம் கழித்துக் கண்ணாடி போட்டுப் பரிசோதித்த பிறகுதான் ஸ்டியரிங்கைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார். வலது கண்ணில் எழுத்துகள் இன்னும் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி நெளிகின்றன. பச்சைப் பட்டையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டார்.

"நாளைக்கே போயிரலாம்" என்றேன்.

"ரெண்டு நாள் கழிச்சுப் போலாமே" என்றாள் தவமணி. கண்ணுக்காக அல்ல. நாற்பது வளைவு இருக்கிறதே.

ஜனவரி 7, வால்பாறை

வீட்டுக்கு வந்துவிட்டோம். சமையல்கட்டில் புதுச் சுவர். ஸ்டெல்லா துவைத்து மடித்து வைத்திருந்த பச்சை ஸ்வெட்டரில் இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடுப்பு எரிகிறது.

நாசர் வண்டியிலேயே ஏறினோம். முன்சீட்டை எங்களுக்காகத் துண்டு போட்டு வைத்திருந்தான். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மலை ஏறியது இதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் ஸ்டியரிங் என் கையில் இருக்கும். அவள் கண்ணை இறுக்கி மூடி, ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறுகையால் என் கையைப் பிடித்திருந்தாள். புதிதாக வாங்கிய பாக்கெட் என் மடியில் உப்பிக்கொண்டே வந்தது. நான் இறங்கிய பத்தாம் வளைவைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் ஒன்றும் இல்லை. காதுதான் அடைத்தது.

அதற்குள் தவமணி இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள்.

"எத்தனாவது வளைவுங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"முப்பத்தஞ்சு தாண்டியாச்சு. இந்தா வந்துட்டோம்."

வண்டி திரும்பியது. அவள் லேசாகக் கண்ணைத் திறந்து வளைவு நம்பர் எழுதிய போர்டைப் பார்த்துவிட்டாள். நான் அகப்பட்டுக்கொண்டேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகக் கையை விடுவித்து, தன் உள்ளங்கையால் என் இடது கண்ணைப் பொத்தினாள். எலுமிச்சை வாசம் அடித்தது.

"பொய் சொன்னது போதும். இப்பப் படிங்க."

குப்புராஜ் அன்று எனக்காக வண்டியை ஓரம் கட்டியதைப் போல, இன்று வண்டி ஓட்டியவனும் வேகத்தைக் குறைத்தான். நாசர் சொல்லிவைத்திருப்பான். போர்டு நெளிந்தது, மங்கியது, கொஞ்சம் நின்றது.

"பதினாறு" என்றேன். "பதினாறின் கீழ் நாப்பது."

அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த வளைவுக்கும் அப்படியே வைத்திருந்தாள். பதினேழு என்று படித்தேன். பிறகு பதினெட்டு. நாற்பது வரைக்கும் ஒவ்வொன்றையும் அவளுக்கு வலது கண்ணால் படித்துச் சொன்னேன். அதற்கப்புறம் அவள் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை.